கை பட்டால் ஒரு புள்ளி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போட்டியில் கம்பியிலிருந்து விழுந்த என் பெண் வாலுவுக்கு இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வில்லை. நாளாக ஆகச் சரியாகும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெரிய டாக்டர் இப்போது அதையும் சொல்வதில்லை. உன் அண்ணி மூன்று வாரமாக ஆஸ்பத்திரிப் பெஞ்சிலேயே கிடக்கிறாள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் விதிக் குழுவில் நீ சேர்ந்த நாளிலிருந்து உன் உயிரை வாங்கியிருக்கிறேன். கால்விரல் மடங்கியதற்கு இவ்வளவு குறைப்பதா, நடுவர்கள் என்ன தூங்குகிறார்களா என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். "அண்ணனுக்கு வேற வேலையே இல்ல" என்று சிரிப்பாய். இந்த முறை ஒரே ஒரு விதிதான். சிரிக்காமல் படி.

கம்பியிலிருந்து குதித்து, பாதம் முதலில் பட்டு விழுந்தால் ஒரு புள்ளி போகும். ஆனாலும் அந்த வித்தைக்கு மதிப்பெண் உண்டு. பயிற்சியாளர் கை கொடுத்துத் தாங்கினால் ஒரு புள்ளியும் போகும், வித்தையும் கணக்கில் சேராது. பிடிப்பதைவிட விழுவது லாபம். எந்த மகானுபாவன் எழுதினானோ. வித்தைக்கு மதிப்பெண் தர வேண்டாம், அது நியாயம். பிடித்ததற்குத் தண்டனையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் உங்கள் குழு வாலுவின் பயிற்சி மாஸ்டரை விசாரிக்கிறதாம். பக்கத்திலேயே நின்றவர் ஏன் பிடிக்கவில்லை, ஆயுள் தடை போட வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. புகாரில் முதல் கையெழுத்து என்னுடையது. அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். இதற்கு முந்தின போட்டியில் அவர் வாலுவின் முதுகைத் தாங்கிப் பிடித்தார். பதக்கம் போயிற்று. நான் அரங்கத்துக்கு வெளியே அவர் சட்டையைப் பிடித்து, "இனிமே அவ மேல கை பட்டுச்சுன்னா நடக்கிறதே வேற" என்று கத்தினேன். பிள்ளை பக்கத்தில்தான் நின்றாள். மாஸ்டர் இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் வந்து வார்டு வாசலில் நின்றுவிட்டுப் போகிறார்.

நேற்று அவர் போன பிறகு வாலுவிடம் அவரைத் திட்டினேன். அவரைத் திட்டாதீர்கள் அப்பா என்றாள். கம்பி ஏறுவதற்கு முன்னால் அவள்தான் அவரிடம், "என்ன ஆனாலும் தொடாதீங்க மாஸ்டர், அப்பா சண்டைக்கு வருவார்" என்று கெஞ்சினாளாம். சொல்லிவிட்டு, என் மேல் கோபமா என்று கேட்டாள்.

இந்தக் கடிதத்தைக் குழுவில் வாசித்துவிடு. என்னை மறைக்காதே. உன் அண்ணிக்கு இன்னும் தெரியாது. காதுக்குப் போகும், போகட்டும்.

நீ நூறு வயது நன்றாக இரு, அம்மா. விசாரணைக்கு முன்னால் ஒருமுறை வந்துவிட்டுப் போ. வாலுவிடம், அவள் மேல் தப்பில்லை என்று நான் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். அத்தை சொன்னால் நம்புவாள்.

உன் அண்ணன்