தலைப்பிரசவத்துக்கு வந்த வாளி

கார்த்திகை 9, செவ்வாய்.

வேடசந்தூர் மச்சினன் பாண்டி இன்று வாளியோடு வந்துவிட்டான். ஜோடி சேர்க்க அவன் என் கடல்நீர்த் தொட்டியில் விட்டுப்போன, மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறாலின் வயிற்றில் பச்சை முட்டை.

"தலைப்பிரசவம் பொறந்த வீட்டுலதான் மச்சான். கூட்டிட்டுப் போறேன்."

பஸ் குலுக்கலில் முட்டை அம்புட்டும் உதிர்ந்துவிடுமே! மாப்பிள்ளை வீட்டு முறுக்கோடு, "அனுப்ப முடியாது" என்றேன்.

அந்நேரம் பார்த்துப் பாறைக்குப் பின்னாலிருந்து என் இறால், அதாவது மாப்பிள்ளை, வெளியே வந்தார். அவர் வயிற்றிலும் முட்டை!

வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். இந்த இறால் ஒவ்வொன்றும் ஆணும்தான், பெண்ணும்தானாம். நானோ என் இறாலை ஆண் சிங்கம் என்று தெரு முழுக்கப் பீற்றியிருந்தேன். பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான்.

என் மனைவிதான் தம்பியை அடக்கினாள். "ஏலே பாண்டி, எங்க பொண்ணுக்கு இதுதான் பொறந்த வீடு. உன் பொண்ணு அதுக்குப் புருஷன். பிரசவத்தப்ப புருஷன் பக்கத்துல இருக்க வேணாமா?"

வாளி காலியாகத் திரும்பியது. அப்பாடா!

நாளைக்குத் தெருவில் மாப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்பார்கள். முழுகாமல் இருக்கிறார் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.