பார்க்க மட்டும் ஒரு கடை

மார்ச் 4, செவ்வாய்
தவராசா முதலாளிக்கு இன்று ஞானம் பிறந்துவிட்டது. இணையக்கடையில் 'வாங்கு' பொத்தானை மறைக்க பிளகின் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படம் பார்க்கலாம், வாங்கக் கடைக்குத்தான் வரவேண்டும்.

"உள்ள வந்தா ஒண்டுக்கு மூண்டு வாங்குவாளுகள், கௌசிகா."

நாங்கள் விற்பது பெண்களின் உள்ளாடை. உட்துறைமுக வீதியில், கல்லாவில் இவர் குந்தியிருக்க, வந்து கேட்கக் கூசித்தானே இணையத்தில் வாங்கினார்கள்? சொன்னேன்.

"நீ கொம்பியூட்டரைப் பார்."

பத்து நிமிட வேலை. செய்துகொடுத்தேன்.

மார்ச் 7
ஒரு ஓடரும் இல்லை. மனுசன் கப்பல் வரப்போவதுபோல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 10
கட்டைபறிச்சானிலிருந்து குணேஸ்வரி அக்கா அழைத்தார். போன வருடம் புற்றுநோயில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த ப்ராவை எங்களிடம் இரண்டு முறை இணையத்தில் வாங்கியவர்.

"பொத்தானைக் காணேல்லைத் தங்கச்சி. என்ர போன் பழுதோ?"

பழுது போனில் இல்லை. அனுப்பிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒன்றைப் பாசல் கட்டினேன். முதலாளி அதை என் கையிலிருந்து வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். "ஒருத்திக்குச் செய்தா எல்லாரும் கேப்பினம். வரச்சொல்லு."

மார்ச் 12
அக்கா வந்தார். மூதூர் பஸ்ஸில், உச்சி வெயிலில். நான் பின்னறையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலாளியின் குரல்தான் கேட்டது.

"என்ன சைஸ்? ரெண்டு பக்கமும் ஒண்டுதானே?"

கடையில் நான்கு பேர். மனைவியோடு வந்த ஆண்கள் இரண்டு பேர். நான் வெளியே வருவதற்குள், அக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி கடைப்படி இறங்கிவிட்டார். பஸ் ஸ்ராண்ட் வரை ஓடினேன். காணவில்லை.

திரும்பி வந்தா அவன் சிரிக்கிறான். "அவ என்ன, ஊமையோ?" எண்டு. நெத்தி நிறையத் திருநீறு வேற. மனுசனா அவன்?

நான் மட்டும்? பத்து நிமிசத்தில செய்து குடுத்தது ஆர்?

மார்ச் 14
நேற்றுப் பௌர்ணமிப் போயா விடுமுறை, கடை பூட்டு. முழுநாளும் யோசித்தேன். இன்று அவர் முன்னாலேயே பிளகினை நீக்கினேன்.

"ஆரைக் கேட்டு?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை. அந்த மனுசிக்குப் புற்றுநோயில ஒரு பக்கம் எடுத்தது. அதைத்தான் எல்லாருக்கும் முன்னால கேட்டனீங்கள்."

"அதை அவ சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாமாம்.

அலுமாரியிலிருந்த பாசலுக்கு என் காசைக் கல்லாவில் வைத்தேன். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்தப் படி ஏறுவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு
கட்டைபறிச்சான் போனேன். அக்கா படலையடியிலேயே நின்றார். "நீங்கள் ஏன் பிள்ளை வந்தனீங்கள்?" பொத்தானை மறைத்தது நான்தான் என்றேன். படலையைத் திறந்துவிட்டார். பிறகு தேத்தண்ணி தந்தார். பாசலைத் தொடவில்லை. என் நம்பரையும் எழுதிக் கதிரையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2
முதலாளி வேறொருவனைப் பிடித்துப் பிளகினைத் திரும்பப் போட்டுவிட்டார். இப்போது இணையத்தில் விலையும் தெரியாது. அருங்காட்சியகம் நடத்தட்டும்.

லிங்கநகரில், எங்கள் வீட்டு முன்னறையில், நானே ஒரு இணையக்கடை தொடங்கிவிட்டேன். ஒரு அலுமாரி, ஒரு மடிக்கணினி. பாசல் கட்ட அம்மா.

மே 9, வெள்ளி
குணேஸ்வரி அக்கா அழைத்தார். நேற்றுத் தங்கையின் மகளுக்குக் கலியாணமாம்.

"முன் வரிசையில இருந்தனான் பிள்ளை. நீங்கள் வச்சிட்டுப் போனதைத்தான் போட்டனான்."

"இன்னும் ரெண்டு அனுப்புவீங்களோ?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஒண்டு சிவப்பில இருக்கோ?"