பிளக் ஓட்டையில் வைக்காத விரல்

தென்காசி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

முத்துச்செல்வி எழுதுதேன். இங்கன நானும் நம்ம மெக்கானிக் ஷெட்டும் இருக்கோம். குத்தாலத்துல சீசன், சாரல் வாசல் வரைக்கும் அடிக்குது. உங்க முகத்துத் தீப்புண்ணு ஆறிட்டு வருதுன்னு வக்கீல் சொன்னாரு. இந்தக் கடுதாசிய ஜெயில்ல பிரிச்சுப் படிப்பாங்கன்னு தெரியும். படிக்கட்டும், எனக்கென்ன.

வாற திங்கக்கிழமை ஜாமீன் கிடைச்சிரும்னும் சொன்னாரு. சந்தோசப்பட முடியல. போன வாரம் மனு போட்டுப் பாக்க வந்தப்போ, வெளிய வந்த அன்னைக்கே நம்ம ஷெட்டுல வேலை பாத்த இசக்கிமணிய முடிச்சிருவேன்னு பல்லக் கடிச்சீங்க. சொன்னதச் செய்யுற ஆளு நீங்க. அதுக்குத்தான் எழுதுதேன்.

அத்தான், பிளக்குக்குத் தீப்பொறி அனுப்புற அந்த டிஸ்டிரிபியூட்டரத் தப்பா மாட்டினது அவன் இல்ல. நான்தான்.

ஆவுடைநாயகம் அண்ணாச்சி அம்பாசடரு இன்ஜினப் பிரிச்சுப் புதுசா மாட்டி முடிச்ச வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்ன ஸ்டார்ட் ஆகணும்னு அவரு தேங்காயும் கையுமா நின்னாரு. நீங்க வெளிய இருந்து சத்தம் போடுதீங்க. தீப்பொறி விழுற நேரம் பாத்து டைமிங் வைக்கது எப்பவும் இசக்கி வேலை. அவன் ஃபேன் பெல்ட் வாங்கப் போயிருந்தான். நான் இன்ஜின் புல்லியத் திருப்பி, அதுல உள்ள குறிய நேர் பண்ணி, டிஸ்டிரிபியூட்டர இறக்கிட்டேன். அந்தக் குறி ரெண்டு சுத்துலயும் நேரா வரும், தீப்பொறி விழ வேண்டியது ஒரு சுத்துலதான். முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில விரல வச்சு, காத்து முட்டுதான்னு பாத்தாத்தான் எந்தச் சுத்துன்னு தெரியும். நல்ல நேரம் போகுதேங்கிற அவசரத்துல நான் விரல வைக்கல.

அவன் வந்து பெல்ட்ட மாட்டினான். நீங்க கார்பரேட்டர்ல பெட்ரோல் ஊத்திக் குனியுதீங்க, அண்ணாச்சி சாவியத் திருப்புதாரு, தப்பான சுத்துல பொறி விழுந்து குப்புனு தீ மேல வந்து உங்க மீசையும் புருவமும் பொசுங்கிப் போச்சு. அன்னைக்குக் காலையிலதான் அவன் பாவூர்சத்திரத்துல தனியா ஷெட் போடப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லியிருந்தான். போற போக்குல வேலையக் காட்டிட்டியாலேன்னு கத்திக்கிட்டு வீல் ஸ்பானர எடுத்தீங்க. முதல் அடியில தாடை போச்சு. விழுந்த பொறவும் நாலு அடி. எலும்பு முறியுற சத்தம் கேட்டுச்சு. மாட்டினது யாருன்னு அவனுக்குத் தெரியும், என்னையவே பாத்தான். பல்லு உதிர்ந்து வாய் பூரா ரத்தம், அவன் எப்படிச் சொல்லுவான்? நான்தான் சொல்லியிருக்கணும்.

ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. உங்க கை எனக்குத் தெரியும் அத்தான். போன ஆடியில விட்ட அறையில என் இடது காது இன்னும் சரியாக் கேக்கல. ஸ்பானர் என் பக்கம் திரும்பிருமோன்னு பயந்துட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்க நின்னப்போகூட எனக்கு நாக்கு எழும்பல. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

சந்தேகம் இருந்தா கேளுங்க. அது நடந்த நாலாம் நாள் நான் தனியா ஷெட்டத் திறந்து, பிளக்கக் கழத்தி விரல வச்சுப் பாத்தேன். குறி நேரா வந்தப்போ காத்தே இல்ல. இன்னொரு சுத்து சுத்தினேன், விரலத் தள்ளிக்கிட்டுக் காத்து வந்துச்சு. டிஸ்டிரிபியூட்டரக் கழத்தி அரைச் சுத்து திருப்பி மாட்டினேன். ஒரே சாவியில இன்ஜின் பிடிச்சுக்கிட்டுது. வலது காதக் குடுத்துக் கேட்டுக் கேட்டு, மெல்லத் திருப்பி டைமிங் வச்சேன். இன்ஜின் ஓட ஓட அங்கனயே உக்காந்து அழுதேன்.

அன்னைக்கே இலத்தூருக்கு பஸ் ஏறி, அவன் வீட்டுல உள்ளதச் சொன்னேன். அவன் ஆத்தா என் கொண்டையப் பிடிச்சு வாசல் முத்தத்துல இழுத்துப் போட்டு விளக்குமாத்தால விளாசினா. வாங்கிக்கிட்டேன். தாடையக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, பேச முடியாது. ஒரு தாள எடுத்து, விரல வச்சுப் பாக்கலியா மதினின்னு எழுதிக் காட்டினான். எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு.

வக்கீல்கிட்டயும் போலீஸ்லயும் நடந்ததச் சொல்லிட்டேன். கோவம் வந்தா வரட்டும். திங்கக்கிழமை நீங்க வாறப்போ நம்ம வீடு பூட்டியிருக்கும். இசக்கி வீட்டுலதான் இருப்பேன். அவனுக்குக் கஞ்சியக் கரைச்சுக் குழல்ல குடுக்கது இப்ப நான்தான். அந்த வாசல்ல குறுக்க நிக்கப் போறதும் நான்தான்.

இசக்கியம்மன் உங்களுக்கு நல்ல புத்தியக் குடுக்கட்டும். அங்கன வாறதா இருந்தா, வெறுங்கையோட வாங்க அத்தான்.

இப்படிக்கு,
இன்னும் உங்க பொண்டாட்டிதான்,
முத்துச்செல்வி