லாத்தா கொடுத்த ரத்தம்

தாராவி,
ஜூலை 12

அன்பு சைனப் லாத்தாவுக்கு, தம்பி கரீம் பாட்சாவின் ஸலாம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சஃப்ரீனுக்கு தாதரில் பேங்க் வேலை கிடைத்துவிட்டது. மகள் வேலைக்குப் போவதைப் பார்க்க நான் உயிரோடு இருப்பது உங்களால்தான். எனக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும், கூடப்பிறந்த அக்காவாக ஐம்பத்தெட்டு வயதில் தனியாக ரயிலேறி வந்தீர்கள். ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை எனக்குத் தருவதற்காக ஐந்து நாள் ஊசி போட்டு எலும்பெல்லாம் வலித்தபோதும் முனகவில்லை. நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு, "பத்தலன்னா இன்னும் எடுத்துக்கோம்மா, அவன் சின்னதுலயே தீனிப்பண்டாரம்" என்றீர்கள். தமிழ் புரியாத அந்த மராத்தி நர்ஸும் சிரித்துவிட்டாள்.

போனில் சொன்னால் என்னை முடிக்க விடமாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். போன மாதம் என் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்தன. பழைய நோய் திரும்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சில அணுக்களில் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது, அது உங்கள் அணுக்களோடு வந்தது என்றார் டாக்டரம்மா. வயது ஏறும்போது பலருக்கும் வருவதுதானாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாதாம், சிலருக்கு மட்டும் ரத்தத்தையோ இதயத்தையோ பாதிக்கலாமாம். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. உங்கள் ரத்தத்தையும் இதயத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது என்றார்.

மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். 'என்னால்தானே' என்று நொந்துபோவீர்களே! உங்கள் தம்பி பெண்டாட்டி சாயிமா விடவில்லை. "உங்க உசுரக் காப்பாத்துனவுகளுக்கு, அவுக உசுரப் பத்திச் சொல்லாம இருப்பியளோ?" என்று கேட்டுவிட்டாள்.

இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தாலும் உங்களிடம்தான் கையேந்தியிருப்பேன், லாத்தா. தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள்.

தம்பி,
கரீம் பாட்சா


மேலப்பாளையம்,
ஆகஸ்ட் 3

தம்பி கரீமுக்கு,

என் மகன் தௌஃபீக்தான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு நல்லதைத்தான் தந்தேன் என்று மூன்று வருடமாகப் பெருமையாக இருந்தேன். மறுநாள் அவனையே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எனக்கும் அதே மாற்றம் இருக்கிறதாம். இதயம் நன்றாக இருக்கிறது. பிரஷர்தான் ஏறியிருந்தது, மாத்திரை தந்திருக்கிறார்கள். "உங்க தம்பி சொன்னதாலதாம்மா இப்பவே பிடிச்சோம்" என்றார் டாக்டர். சாயிமாவிடம் சொல், அவள் எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி.

உனக்கு அடுத்த சோதனை அக்டோபரில்தானே. உனக்கு எந்தத் தேதியோ அதே தேதியில் எனக்கும் போடச் சொல்லியிருக்கிறேன். நீ அங்கே கை நீட்டும்போது நான் இங்கே நீட்டுவேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ரிப்போர்ட் வந்ததும் முதலில் உன்னுடையதைச் சொல். என்னுடையதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

லாத்தா,
சைனப்