எட்டாவது கார்

தாராவி,
19.10.2025

என் மேல் கோபமாக இருக்கும் அன்பு மாப்பிள்ளை நாகூர் மீரானுக்கு, கணேசபாண்டியன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். மூன்று வருஷமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அதனால்தான் காகிதம் வாங்கி எழுதுகிறேன். விலாசம் தந்தது உன் உம்மா. கிழிப்பதாக இருந்தால் அடுத்த வரியைப் படித்துவிட்டுக் கிழி.

கார் கிடைத்துவிட்டது.

நம் நீலக் காரேதான். 1937-இல் பிரான்சில் செய்த பதினோரு பந்தயக் கார்களில் எட்டாவது. ஒரு சமஸ்தான ராஜா கப்பலில் கொண்டுவந்தது, வடாலாவில் உன் வாப்பா பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்து, 76-இல் காணாமல் போனது. ராஜாவின் தம்பி வந்து எடுத்துப்போனார் என்று வாப்பா சாகும்வரை சொன்னார். யார் நம்பினார்கள்? அந்தக் கார்களைப் பற்றி வெள்ளைக்காரர் ஒருவர் எழுதிய புத்தகத்தில், எட்டாவதை பம்பாய் மெக்கானிக் ஒருவர் உடைத்து விற்றுவிட்டார் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை அழிக்கத்தானே நீயும் நானும் ஐந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாயாக அலைந்தோம்!

ஆகஸ்டில் செம்பூரில் ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். பழைய இரும்பு வாங்கும் சாய்நாத் எனக்குப் போன் செய்து, பாண்டி சேட், யே பங்கார் நஹி ஹை, ஜல்தி ஆவோ என்றான், இது பழைய இரும்பு இல்லை, சீக்கிரம் வா என்று. கொட்டும் மழையில் ஓடினேன். செங்கல் வைத்து அடைத்த ஷெட்டுக்குள், டாக்ஸி மாதிரி கறுப்புப் பெயிண்ட் பூசி, லாரி எஞ்சின் மாட்டி ஒரு கார். கதவோரம் நகத்தால் சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே நீலம். பங்களாப் பத்திரத்தில் இருந்தது யார் பெயர் தெரியுமா? ராஜாவின் தம்பி பெயர்! அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். சாய்நாத்தான் டீ வாங்கிக் கொடுத்தான்.

புத்தகக்காரருக்குப் படம் அனுப்பினேன். அவர் லேசில் மசியவில்லை. போலிகள் நிறைய வருகின்றனவாம், எண் வேண்டுமாம். எண் பொறித்த பித்தளைத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள்தான் இருந்தன. கதவுக் கட்டைக்குள் 214 என்று ஓர் எண் பொறித்திருந்தது, அது அவர் பட்டியலில் இல்லை.

இனி எழுதுவதைப் பொறுமையாகப் படி.

அம்மா போன பிறகு எங்கள் முலாம் பட்டறையில் இதுதான் முதல் ஆயுத பூஜை. பூஜையில் வைத்த சாமானை அம்மா கழுவ விட மாட்டாள், உனக்கே தெரியும். பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம், குங்குமம். இந்த வருஷம் என் வீட்டுக்காரி பூமாரி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தாள். தேய்த்தவள், ஏங்க, இதுல என்னமோ நம்பர்லாம் கெடக்கு என்று ஒரு தகட்டைக் கொண்டுவந்தாள்.

மாப்பிள்ளை, அது காரின் தகடு. புத்தகத்தில் இருக்கும் எட்டாவது காரின் எண். அதற்குக் கீழே, கதவுக் கட்டையில் இருந்த அதே 214.

75-இல் வாப்பா அதை மெருகு போட எங்கப்பாவிடம் கொடுத்திருக்கிறார். பட்டறையில் கிடந்ததையெல்லாம் அம்மா பூஜைக்கு எடுத்து வைத்ததில் அதுவும் சேர்ந்துவிட்டது. அப்புறம் அது சாமி சாமான். வாப்பா திருப்பிக் கேட்டபோது, தொலைந்துவிட்டது என்று எங்கப்பா கையை விரித்தாராம், உம்மா சொன்னார். ஐம்பது வருஷமாக நான் அதைத்தான் கும்பிட்டிருக்கிறேன். அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நான்தான், மூன்று வருஷத்துக்கு முன் மாட்டுங்கா காபிக் கடையில், ஒருவேளை வாப்பாவே உடைத்து விற்றிருப்பாரோ என்று உன்னிடம் கேட்டேன்.

தகட்டின் நான்கு ஓட்டைகளும் காரில் கச்சிதமாகப் பொருந்தின. புத்தகக்காரர் அடுத்த பதிப்பில் வரியை மாற்றுகிறார். எட்டாவது கார் மும்பையில் முழுசாக இருக்கிறது, 76 வரை அதைக் காத்தவர் வடாலா மெக்கானிக் முகம்மது காசிம். இப்படித்தான் வரப்போகிறது. ஜெயித்துவிட்டோம் மாப்பிள்ளை! உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவுக பேரு அச்சுல வருமாப்பா என்று மட்டும் கேட்டார். வரும் உம்மா என்றேன். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, மறுபடியும் வாசி என்றார். நான்கு தடவை வாசித்தேன், தொண்டை கட்டிவிட்டது.

காருக்கு இப்போது வாரிசான ராஜா வீட்டுப் பேத்தி அதை விற்கப்போவதில்லை. செப்பனிடும் வேலையை வாப்பா பட்டறையிலேயே செய்யச் சம்மதித்துவிட்டார். நேற்று டெம்போவில் ஏற்றி, மேளம் அடித்து, பூசணிக்காய் உடைத்து, மோனோரயில் தூண்களுக்கு நடுவே ஊர்வலமாகக் கொண்டுவந்து இறக்கினோம். வடாலாவே வேடிக்கை பார்த்தது.

தகட்டை மட்டும் இன்னும் மாட்டவில்லை. நான்கு திருகுகளும் வாப்பாவின் திருப்புளியும் ஒரு பிஸ்கட் டப்பாவில், உம்மாவிடம் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கைபட்டு அது ஐம்பது வருஷம் மறைந்திருந்தது போதும். என்னை இரண்டு அறை அறைந்துவிட்டு நீ மாட்டு. வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, எழுதி எழுதி அடித்துவிட்டேன். நீ நன்றாக இரு. வா, மாப்பிள்ளை.

இப்படிக்கு,
நீ எந்த விமானத்தில் வந்தாலும் வாசலில் நிற்கப்போகும்
கணேசபாண்டியன்