கேள்விக்கும் ஒரு பாடு

பிப்ரவரி 6, செவ்வாய்

"இன்னும் கல்யாணம் ஆவலியா, பாப்பா?" என்று கோட்டைக்குப்பம் செல்வம்மாள் அக்கா கேட்டாள். நான் சொல்லாமல் விட்டது: ஆக இருந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். சொன்னது: "அக்கா, கேள்வி கேக்கறது என் வேலை." என் கணக்கெடுப்புக் கேள்விகளுக்கு அவளும் பதில் தரவில்லை. சரிக்குச் சரி.

போன வருஷம் குடிதண்ணீர்க் கணக்கெடுப்புக்கு அலுக்காமல் பதில் சொன்னவள். புதுக் குழாய் வந்தபின் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்ததா என்று அதே ஆட்களிடம் இப்போது மறுபடி கேட்க வேண்டும். பாதிப் பேராவது பேசாவிட்டால் இந்தக் குப்பத்தைக் கணக்கெடுப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். என்னையும்தான்.

பிப்ரவரி 7

வீட்டுக்கு வீடு சிரிப்பு, டீ. பதில் மட்டும் இல்லை. எல்லோரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டுகிறார்கள்.

பழவேற்காட்டில் பஸ் வரும்வரை டச்சுக் கல்லறை வாசலில் நின்றேன். அங்கே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளும் வாய் திறப்பதில்லை. ஆனால் டீ கொடுத்து ஏமாற்றுவதில்லை.

பிப்ரவரி 9

கடைசியில் செல்வம்மாளின் பக்கத்து வீட்டு மனோரமா போட்டு உடைத்தாள். "அவங்க பாடு போன வருசமே முடிஞ்சிச்சிமா. இப்ப எங்க பாடு. நான் எப்பலேர்ந்து ரெடியா குந்திக்கினு கீறேன், நீ இன்னாடான்னா தாண்டித் தாண்டிப் போறே!"

பாடு! ஏரியில் நல்ல இடங்களில் முறைவைத்துத்தான் வலை போடுவார்கள்; ஒவ்வொருவர் முறையும் ஒரு பாடு. அடுத்தவன் பாட்டில் வலை இறக்கினால் ஊரே கூடிவிடும். இது எனக்குத் தெரியாததா? கேள்விக்கும் அப்படியே முறை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் தடவை பதில் சொன்னால் பக்கத்து வீட்டுப் பாட்டைப் பறித்ததாகிவிடும். நான் இதை அலட்சியம் என்று நினைத்து பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன் — மூன்று நாள்!

மேலாளர் லோகநாதன் சார் போனில், "பழைய ஆளுங்கதாம்மா வேணும்" என்றார். மனோரமா முகத்தைப் பார்த்து இதை யார் சொல்வது?

பிப்ரவரி 10

"வலையப் போட்டுட்டு இழுக்காம வந்துடுவீங்களாக்கா?" என்று செல்வம்மாளிடம் கேட்டேன்.

"இன்னா பேச்சு இது? போட்டவங்கதான் இழுக்கணும்."

"போன வருசம் போட்டோம். இப்பதான் இழுக்கறோம். உங்க பாடு எங்க முடிஞ்சுது?"

"நல்லாத்தான் பின்றே. சரி, வலைக்கு ரெண்டு பக்கம் கீது இல்ல? நீயும் ஒரு பக்கம் புடி. கல்யாணம் இன்னா ஆச்சி?"

சொன்னேன். வீட்டில்கூடச் சொல்லாததை! பெண் பார்க்க வந்தவர் என் அலமாரியைப் பார்த்து, "இவ்ளோ புக்கா? எடைக்குப் போட்டுடலாமே" என்று சிரித்ததை.

"அவன எடைக்குப் போட்ருக்கணும்!" என்று வேலிக்கு அப்பாலிருந்து மனோரமாவின் குரல்.

பிறகு செல்வம்மாள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

மார்ச் 2

இரண்டு வீடுகளைத் தவிர எல்லோரும் பேசிவிட்டார்கள். குப்பம் கணக்கெடுப்பில் இருக்கிறது. நானும். வலைப் பேச்சும் அலமாரிக் கதையும் நான் போவதற்கு முன்பே எல்லா வீடுகளுக்கும் போய்விட்டிருந்தன.

இன்று மனோரமா வீட்டில் உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்விவரை கேட்டேன். அவள் பதில்கள் எந்தக் கணக்கிலும் சேராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "அத்த வுடு, நீ கேளு" என்றாள். மத்தியானம் முழுக்கப் பேசினாள்.