இஞ்சியா, அன்னாசியா?

ஐப்பசி 12, வியாழன். குளுவாங் ரப்பர் தோட்டம்.

அலுப்பாக இருக்கிறது. பந்தாட்டப் போட்டி தொடங்க இன்னும் பத்து நாள். வெளித்தோட்டத்து ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க எந்த பீரை ஊறப்போடுவது என்று இன்றைக்கு முடிவெடுத்தாக வேண்டும். ருசி பார்க்க இஞ்சியில் ஒரு ஜாடி, அன்னாசியில் ஒரு ஜாடி முன்பே போட்டு வைத்திருந்தேன்.

காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் கிராணி நான். அன்னாசி போதை ஏற்றும், மறுநாள் பால்வெட்டுக்கு ஒருவனும் வரமாட்டான். அதனால் இஞ்சி என்றேன்.

"இஞ்சி வயித்து வலிக்குக் குடிக்கிறதுங்கய்யா. ரெண்டையும் ருசி பாத்துட்டுச் சொல்லுங்க," என்றான் எங்கள் தோட்டத்து அணியில் கோல் காக்கும் முனியன்.

ஆளுக்கு ஒரு வாய் என்றுதான் ஆரம்பித்தோம். இஞ்சி ஜாடி அப்படியே இருக்கிறது. அன்னாசி ஜாடி காலி. அணியின் பதினொரு பேரும் என் வாசலில் குறட்டை விடுகிறார்கள்.

நாளைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. கூப்பிடவும் ஆளிருக்காது போலிருக்கிறது.